கர்வ் போடுவதை எதனிடம் விடுவது?

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிக்குப் பெயர் வெட்டும் ஸ்டிக்கர் கடைக்காரரும், சேலத்தில் ஜவ்வரிசி மூட்டைக்கு டிசைன் போடும் டிடிபி ஆபரேட்டரும் ஃபைல் வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றே: “கர்வ் போட்டாச்சா?” எழுத்துகளைக் கோட்டு வடிவங்களாக மாற்றியாயிற்றா என்பதுதான் அதன் பொருள்.

தமிழில் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் வந்து நிற்கும்.

விசிட்டிங் கார்டு ஒன்றுதான் என்றால் கையாலேயே செய்யலாம்: கோரல் ட்ராவில் கன்ட்ரோல் ஏ, பிறகு கன்ட்ரோல் கியூ. ஆனால் பவர்கிளிப்புக்குள் இருக்கும் எழுத்து இதில் சிக்காமல் தப்பிவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் பூட்டிய லேயரும் மறைத்த லேயரும் அப்படியே. ஆக்‌ஷனாகப் பதிந்து ஒரு ஃபோல்டர் முழுவதும் ஓடவிட்டாலும் இந்த ஓட்டை அடைபடாது, வேகம்தான் கூடும்.

தினசரி வேலைக்குக் கோரலின் பிடிஎஃப் அமைப்பிலேயே உள்ள ‘எல்லா எழுத்தையும் கர்வாக ஏற்றுமதி செய்’ என்ற தேர்வுதான் சிறந்தது. ஒருமுறை டிக் செய்து அந்த அமைப்பைச் சேமித்தால் போதும். மூல ஃபைலில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். முட்டை அட்டைப்பெட்டியில் போன் நம்பர் மாறினால் மறுபடி தட்டச்சு செய்யலாம். மூலத்தையே கர்வாக்கிச் சேமித்தவர் அந்த நம்பருக்காக எழுத்துருவைத் தேடி அலைய வேண்டும்.

பிடிஎஃப்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும் இடத்துக்கு இரண்டு வழிகள். அக்ரோபாட் புரோவின் ப்ரீஃப்ளைட்டில் எழுத்துருவை அவுட்லைனாக்கும் திருத்தத்தை ட்ராப்லெட்டாகச் செய்துவைத்தால், ஃபைல்களை அதன்மேல் இழுத்துப் போட்டாலே வேலை நடக்கும். காசில்லாமல் வேண்டுவோருக்குக் கோஸ்ட்ஸ்கிரிப்ட்: ‘நோ அவுட்புட் ஃபான்ட்ஸ்’ கட்டளையோடு ஒரு பேட்ச் ஃபைல். கட்டளை எழுதிப் பழகாதவர் முதல் வழியிலேயே போகலாம். பிடிஎஃப்புக்குள் எழுத்துரு பொதியப்படாமல் வந்திருந்தால் இரண்டையுமே நம்ப முடியாது; மாற்று எழுத்துருவின் தவறான உரு அவுட்லைனாகிவிடலாம்.

இருநூறு பக்கப் புத்தகத்தைச் சிவகாசிக்கு அனுப்புவோர் கர்வே போட வேண்டாம். எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் எக்ஸ்-4 போதும். கர்வாக்கினால் ஃபைல் பருக்கும், சொல் தேட முடியாது, கடைசி நேரப் பிழைதிருத்தமும் போகும்.

ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரின் கதை வேறு. அங்கே கத்திக்குத் தேவை கோடு. கர்வ் இல்லாமல் வேலையே இல்லை. பழைய எழுத்துருக்களில் ‘கி’யின் கொக்கி தனித் துண்டாக ‘க’வின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கர்வானபின் இரண்டின் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, கத்தி எழுத்தின் நடுவே கீறிவிடும். அதனால் துண்டுகளை ஒன்றாக்கும் வெல்ட்டையும் கர்வ் போடும் மேக்ரோவில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து வெல்ட் செய்யும் மேக்ரோவைவிட, முழு வரியையும் ஒரே மூச்சில் இணைப்பது எளிது.

எந்த வழியில் கர்வ் போட்டாலும் சோதனை இரண்டு. யுனிகோட் எழுத்தென்றால் ‘கொ’, ‘கோ’ சரியாகக் கோர்த்திருக்கிறதா என்று கர்வுக்கு முன்பே பார்க்க வேண்டும். தெற்காசிய எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காத இல்லஸ்ட்ரேட்டரில் கொம்பு இடம் மாறி நிற்கும், கர்வான பிறகு அதைக் கையால்தான் நகர்த்த வேண்டும். கடைசியில் அக்ரோபாட் ரீடரில் கன்ட்ரோல் டி அழுத்தி ‘ஃபான்ட்ஸ்’ பட்டியலைத் திறக்க வேண்டும். ஒரு பெயராவது அதில் தென்பட்டால், பவர்கிளிப்பிலோ வேறெங்கோ எழுத்து இன்னும் ஒளிந்திருக்கிறது.