உங்கள் ஊரில் யாருக்குப் பணம் வருகிறது? பிஎம் கிசான் பட்டியலைச் சரிபார்க்க...

2020 ஆகஸ்டில் வெளியே வந்த பிஎம் கிசான் மோசடி நினைவிருக்கும். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில், ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் கணக்கில் பணம் விழுந்தது. மாநிலம் முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்கள். சுமார் 110 கோடி ரூபாய். பட்டியலை ஊரே உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இருந்திருந்தால் தொடக்கத்திலேயே பிடித்திருக்கலாம் என்று இன்றும் நம்புகிறேன்.

முதலில் பிஎம் கிசான் இணையதளத்தில் விவசாயிகளுக்கான பகுதிக்குப் போய் 'பெனிஃபிஷியரி லிஸ்ட்' என்பதைத் திறங்கள். மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். குக்கிராமத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பட்டாவில் உள்ள வருவாய்க் கிராமத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும், எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொரு மாதிரி இருக்கும். அவசரப்பட்டு "என் பேர் இல்லை" என்று மூடிவிடாதீர்கள்.

பட்டியலை அச்செடுத்து, ஊரை நன்றாக அறிந்த இரண்டு மூன்று பெரியவர்களோடு உட்காருங்கள். நாலு முருகேசன் இருக்கும் ஊரில் எந்த முருகேசன் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இறந்தவர், நிலமே இல்லாதவர், வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர் பெயர் இருந்தால் பென்சிலால் குறியுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய்தான். கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் அதையும் குறியுங்கள். சந்தேகம் வேறு, குற்றச்சாட்டு வேறு. அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள்.

தகுதியிருந்தும் விடுபட்டவர்களைத் தனியே எழுதுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். பெரும்பாலும் இ-கேஒய்சி முடிக்காததோ, வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாததோ, பட்டா இன்னும் அப்பா பெயரில் இருப்பதோதான் காரணமாக இருக்கும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். பட்டா மாற்றம் என்றால் விஏஓவிடமிருந்து தொடங்க வேண்டும். குத்தகைக்கு உழுபவருக்கு இந்தப் பணம் கிடையாது. அது திட்டத்திலேயே உள்ள அநீதி. பட்டியலைத் திருத்தித் தீராது.

யாருக்கு எத்தனை தவணை போனது என்று அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி மனு போடுங்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். கேள்வி இப்படி இருக்கட்டும்: "எங்கள் வருவாய்க் கிராமத்தில் பிஎம் கிசான் உதவி பெற்றோர் பெயர், தவணை வாரியாகத் தொகை, நீக்கப்பட்டோர் எண்ணிக்கை, காரணம், திரும்ப வசூலித்த தொகை." "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். தனிநபர் தகவல் என்று மறுத்தால், மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்னும் பிரிவு 4(1)-ஐயும், பொதுநலன் கருதித் தரலாம் என்னும் பிரிவு 8(2)-ஐயும் காட்டி, 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கிடைத்த பதிலைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். விடுபட்டவர்களைச் சேர்க்கவும் தகுதியில்லாதவர்களை விசாரிக்கவும் அங்கே தீர்மானம் கொண்டுவாருங்கள். அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.