உங்க வண்டி மாசம் எத்தனை கிலோ கரியமில வாயு விடுது?

செல்போனை எடுங்க. பணம் செலுத்தும் செயலியில் போன மாதக் கணக்கைத் திறந்து, பெட்ரோல் பங்க்கில் கட்டிய தொகையை மட்டும் கூட்டுங்கள். அதை ஒரு லிட்டர் விலையால் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். லிட்டரை 2.3-ஆல் பெருக்குங்கள். போன மாதம் உங்கள் வண்டி காற்றில் கலந்த கரியமில வாயு சுமாராக அத்தனை கிலோ. டீசல் வண்டி என்றால் 2.7-ஆல் பெருக்கணும்.

"ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானே, அதிலிருந்து 2.3 கிலோ எப்படி வரும்?" நியாயமான கேள்விதான். பெட்ரோலில் பெரும்பகுதி கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் கரியமில வாயுவாகிறது. எடை கூடுவது அதனால்தான்.

இப்போ ஒரு கணக்கு. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் வேலைக்குப் போகிறீர்கள். போக வர சுமார் 30 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 750 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பைக்கில் 15 லிட்டர், அதாவது 34.5 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் தனியாகப் போனால் 50 லிட்டர், 115 கிலோ!

அந்தக் கார்க்காரர் மாதத்தில் 8 நாள் மட்டும் மின்சார ரயிலில் போகட்டும். 16 லிட்டர் மிச்சம். கிட்டத்தட்ட 37 கிலோ குறையும். பைக்காரர் மாதம் முழுக்க விடுவதைவிட இது அதிகம். ரயிலுக்கான மின்சாரத்திலும் நிலக்கரி உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கானோரில் பங்காகிவிடுகிறது.

சென்னையில் இருப்பவர்களுக்கு 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலி கைகொடுக்கும். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதிலேயே கியூஆர் பயணச்சீட்டு எடுக்கலாம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமே கிடையாது.

ராத்திரி ஷிப்ட், பஸ் வராத தெரு என்று எல்லாருக்கும் ஒரு சிக்கல் இருக்கும். அப்படியானால் அதே பக்கம் போகும் இன்னொருவரை ஏற்றிக்கொள்ளுங்கள், ஆளுக்குப் பாதியாகிவிடும். டயரில் காற்று சரியா இருக்கான்னு பாருங்க. தெருமுனைக் கடைக்குப் பால் வாங்க வண்டியை எடுக்காதீங்க. சூடேறாத எஞ்சின் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

அடுத்த மாதம் 1-ஆம் தேதி அதே பங்க் கணக்கைத் திரும்பக் கூட்டுங்கள். விலை ஏறி இறங்கும் என்பதால் ரூபாயை ஒப்பிடாமல் லிட்டரை ஒப்பிடுங்கள்.