பூவுக்கு முன்னால் இலையை நடுங்கள்
வண்ணத்துப்பூச்சித் தோட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டு வாசலில் நாலு வண்ணத்துப்பூச்சி பறக்க வேண்டும் என்பது நல்ல ஆசை. கயத்தாறு போன்ற கரிசல் ஊரில் அது எளிதில் நிறைவேறக்கூடிய ஆசையும்கூட. ஆனால் பலர் நர்சரிக்குப் போய்க் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற செடிகளை வாங்கி வைத்துவிட்டு, ஒரு பூச்சியும் தங்கவில்லையே என்று வருந்துகிறார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் குறையில்லை. எந்தச் செடி என்று முடிவு செய்கிற இடத்தில்தான் தவறு நடக்கிறது. அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வறண்ட கரிசல் ஊருக்கு வண்ணத்துப்பூச்சி வராது. மலையும் அருவியும் இருக்க வேண்டும்.

உண்மை: மேற்குத் தொடர்ச்சி மலையில் இனங்கள் அதிகம் என்பது சரி. ஆனால் வறண்ட முட்காட்டையே வீடாகக் கொண்ட இனங்களும் உண்டு. வெள்ளைச் சிறகின் நுனியில் குங்குமச் சிவப்பு கொண்ட பூச்சி ஒன்று விழுதிச் செடியில் முட்டையிடும். வெளிர் செம்மஞ்சள் நிறச் சிறு பூச்சி ஒன்றுக்கு வேலியோரத்துச் சங்கஞ்செடி போதும். இவை மழைக்காட்டைத் தேடிப் போவதில்லை.

மலை இனத்தை இங்கே வரவழைக்கவும் முடியாது. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. கயத்தாற்றில் என்ன நட்டாலும் அது வந்து குடியேறாது. நம் ஊர்ப் பூச்சிகளுக்கு நம் ஊர்ச் செடிகளைத் தேடுவதுதான் வழி.

நம்பிக்கை 2: நிறையப் பூ இருந்தால் வண்ணத்துப்பூச்சி தானாக வந்து தங்கும்.

உண்மை: பூ விருந்து, இலைதான் குடித்தனம். தேன் குடிக்க வருகிற பூச்சி குடித்துவிட்டுப் போய்விடும். அது தங்க வேண்டுமானால் முட்டையிட இடம் வேண்டும். புழு இலை தின்றுதான் வளரும். எல்லா இலையையும் தின்னாது; ஒவ்வொரு இனத்துக்கும் அதற்கென்று சில செடிகள் மட்டுமே ஒத்துக்கொள்ளும்.

முட்டையிட வந்த பெண் பூச்சியைக் கவனித்தால் இது விளங்கும். பூப்பக்கமே போகாது. இலை இலையாகத் தாழப் பறந்து, ஒன்றில் உட்கார்ந்து முன்னங்கால்களால் படபடவென்று தட்டும். சுவையறியும் உறுப்புகள் அதன் கால்களில் இருக்கின்றன. வேறு செடி என்றால் உடனே எழுந்துவிடும். சரியான செடி என்றால் அடிவயிற்றை வளைத்து, கடுகைவிடச் சிறிய முட்டை ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போகும்.

எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இருந்தால் எலுமிச்சை அழகி வரும். கறிவேப்பிலைக்குக் கறிவேப்பிலை அழகி வரும். சரக்கொன்றைக்கும் ஆவாரைக்கும் வெள்ளையும் மஞ்சளுமான பூச்சிகள் வரும். நெட்டிலிங்க மரம் இருந்தால், கரிய சிறகில் பச்சைப் புள்ளிகள் நிறைந்த, வாலுள்ள பூச்சி வரும்.

நம்பிக்கை 3: எருக்கு ஆகாத செடி. வேலிப்பருத்தியும் ஆடுதீண்டாப்பாளையும் களை. பிடுங்கி எறிய வேண்டியவை.

உண்மை: நம் பகுதிக்கு முதலில் வேண்டியவையே இவைதான். செம்மஞ்சள் சிறகில் கறுப்பு ஓரமும் வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட வெந்தய வரியன் எருக்கிலும் வேலிப்பருத்தியிலும் வளர்வது. எருக்கம்பாலின் நஞ்சை அதன் புழு உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பூச்சியைக் கொத்திய பறவை கசப்பில் துப்பிவிடும். அடுத்த முறை அந்த நிறத்தைப் பார்த்தாலே விலகும்.

கரிசல் காட்டு வயல்களில் தரையோடு படர்கிற ஆடுதீண்டாப்பாளையும் அப்படித்தான். கறுப்புச் சிறகும் சிவந்த உடலுமாக வருகிற சிவப்புடல் அழகி இதில்தான் முட்டையிடுகிறது. அதன் உடம்பிலும் நஞ்சு உண்டு. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை சிவப்புடல் அழகியைப் போலவே சிறகு கொண்டு பறக்கும். அதற்கு நஞ்சு கிடையாது. பறவைகள் ஏமாந்து விட்டுவிடுவதால் தப்பிக்கிறது. வயலில் ஆடுதீண்டாப்பாளை அழிந்து சிவப்புடல் அழகி அற்றுப்போனால், பறவைகளுக்கு அந்தப் பாடம் கிடைக்காது. அதைப் பார்த்து வேடமிட்ட பூச்சிக்கும் அந்தக் காப்பு போய்விடும். கைக்களை எடுத்த காலத்தில் வரப்போரமாவது இந்தக் கொடி பிழைத்துக் கிடந்தது. களைக்கொல்லி வரப்பையும் விட்டுவைப்பதில்லை.

இந்த நம்பிக்கையில் எச்சரிக்கை ஒன்று மட்டும் உண்மை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு வரும். குழந்தைகள் கைக்கு எட்டாத வேலியோரத்தில் வையுங்கள், ஒடித்தால் கை கழுவுங்கள். ஆடுதீண்டாப்பாளையை நாட்டு மருந்தாக உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்த இனச் செடிகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியிருக்கிறது. பூச்சிக்கு உணவு, நமக்கு நஞ்சு.

நம்பிக்கை 4: கறிவேப்பிலையில் புழு விழுந்தால் மருந்தடிக்க வேண்டும். வேப்பெண்ணெய் இயற்கையானது, அதனால் வண்ணத்துப்பூச்சிக்குக் கெடுதல் இல்லை.

உண்மை: நீங்கள் மருந்தடிக்கும் அந்தப் புழுதான் நீங்கள் ஆசைப்பட்ட வண்ணத்துப்பூச்சி. கொழுந்தில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கிடப்பதை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அது அசையும். சில நாளில் தோலுரித்துப் பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி, காரமான வாடையை வீசும். அது கடிக்காது, கொட்டாது. எதிரியை விரட்ட அதனிடம் உள்ளது அந்த வாடை மட்டுமே.

வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின் புழுவின் பசியைக் கெடுத்து, தோலுரிக்க விடாமல் தடுக்கும். வயலில் அதை நாம் தெளிப்பதே அதற்காகத்தான். அது காய்ப்புழுவையும் வண்ணத்துப்பூச்சிப் புழுவையும் பிரித்துப் பார்க்காது. குழம்புக்கு இலை வேண்டும் என்றால் இரண்டு கறிவேப்பிலைச் செடி வையுங்கள். ஒன்று அடுப்படிக்கு, ஒன்று அழகிக்கு. அடுப்படிச் செடியில் புழுவைக் கண்டால் இலையோடு கிள்ளி மற்றதில் விடலாம். ஓரளவு வளர்ந்த செடி மொட்டையானாலும் மீண்டும் துளிர்க்கும்.

நம்பிக்கை 5: புழு பட்டால் அரிக்கும். சிறகுத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

உண்மை: முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக்கிடந்து, பட்டால் தடிக்கவைக்கும் கம்பளிப்புழு ஒரு விட்டில்பூச்சியின் குட்டி. நம் தோட்டத்து வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் பெரும்பாலும் வழுவழுப்பானவை. முள்ளோடு தெரிகிற சிலவும் அரிப்பதில்லை. கையில் ஒட்டும் தூள் என்பது சிறகின் நுண்ணிய செதில்கள். எந்தத் தூசையும் போலக் கண்ணை உறுத்தலாம், பார்வையைப் பறிக்காது. இழப்பு பூச்சிக்குத்தான், உதிர்ந்த செதில் திரும்ப முளைக்காது. பூச்சியைப் பிடிக்காமல் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

நம்பிக்கை 6: உண்ணிச்செடியும் நர்சரி ஒட்டுவகைகளும்தான் பூச்சியை இழுக்கும்.

உண்மை: உண்ணிச்செடிக்குப் பூச்சி வருவது நிஜம். ஆனால் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் காடுகளில் மற்றச் செடிகளை எழும்பவிடாமல் புதராக அடைத்து நிற்கிறது. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பிக்கொண்டே இருக்கும். அதை வீட்டில் வளர்க்க வேண்டாம். அடுக்குச் செம்பருத்தி போன்ற வகைகளில் இதழ்கள் பெருகி, தேனுக்குப் போகும் வழி அடைபடும்.

தேனுக்கு நம் செடிகளே போதும். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அழகிகளுக்கு இட்லிப்பூ. சின்ன நீலப் பூச்சிகளுக்குத் தும்பையும் துளசியும். வேலிக்கு நொச்சி. வெந்தய வரியன் போன்ற வரியன்களின் ஆண் பூச்சிகள் தேள்கொடுக்குச் செடியையும் கிலுகிலுப்பையையும் தேடி வரும். காய்ந்த கிளையிலும் அப்பிக்கொள்ளும். பெண்ணைக் கவரும் மணத்தை உருவாக்க அவற்றுக்கு அந்தச் செடிகளின் சத்து தேவை.

என்ன நடலாம், எப்போது?

நம் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் பெய்கிறது. ஆகவே புரட்டாசியில் நட்டுவிடுங்கள். மழையில் வேர் பிடித்தால் கோடையில் தண்ணீருக்கு அதிகம் தவிக்காது.

மாடியில் தொட்டி வைக்க மட்டும்தான் இடமா? கறிவேப்பிலை, எலுமிச்சை, இட்லிப்பூ, துளசி போதும். தொட்டியில் தானாக முளைக்கும் பருப்புக்கீரையைப் பிடுங்காதீர்கள். வெந்தய வரியனைப் போலவே வேடமிடும் ஒரு பூச்சியின் புழு அதைத்தான் தின்னும். வீட்டைச் சுற்றி இடமிருந்தால் ஆவாரை, நொச்சி, வில்வம் சேருங்கள். வேலியில் வேலிப்பருத்தியைப் படரவிடுங்கள். ஆடுதீண்டாப்பாளையை நர்சரியில் தேட வேண்டாம். தெரிந்தவர் காட்டில் களையெடுக்கும் நாளில் சொல்லிவைத்து, வேரோடு வாங்கி, ஆடு மாடு, பிள்ளைகள் நடமாட்டமில்லாத மூலையில் வையுங்கள்.

வயல் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிருக்குள் களை எடுங்கள். அது உங்கள் பிழைப்பு. வரப்பில் ஒரு முழ அகலத்தைக் களைக்கொல்லி படாமல் விடுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு வரவேண்டிய பூச்சிகள் அங்கேதான் பெருகுகின்றன. இலை ஓட்டை விழுந்தால் அதைச் செடிக்கு வந்த நோயாக எண்ணி மருந்துக் குப்பியைத் தேடாதீர்கள். உங்கள் தோட்டம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் முதல் சான்று.