போனில் குலுக்கல் அறிவிக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் மதுரை விளக்குத்தூண் ஜவுளிக் கடைகள் மட்டுமல்ல, வீட்டில் இருந்தபடி சுங்குடிச் சேலையும் ஊறுகாயும் விற்கும் பெண்களும் வாட்ஸ்அப்பில் 'லக்கி டிரா' அறிவிக்கிறார்கள். அவர்களுக்கும், அந்தச் செய்தி வந்து சேரும் வீடுகளுக்கும் சில குறிப்புகள்.

1. குலுக்கலில் சேர 10 ரூபாய்கூட வாங்காதீர்கள். பணம் கட்டி, அதிர்ஷ்டத்தில் பரிசு விழுந்தால் அதற்குப் பெயர் லாட்டரி. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 ஜனவரி முதல் தடை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-வது பிரிவுப்படி லாட்டரி நடத்த இடம் வைத்திருந்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. அறிவிப்பு வெளியிட்டாலே 5,000 ரூபாய் வரை அபராதம். குரூப்பில் போடும் ஒரு மெசேஜும் அறிவிப்புதான். பொங்கல் விழாவுக்கு மிக்ஸி, குக்கர் பரிசு என்று கூப்பன் விற்கும் மன்றத்துத் தம்பிகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

2. 'சேலை வாங்கினால் கூப்பன் இலவசம்' என்றால் சேலை விலையை ஏற்றாதீர்கள். பரிசுச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டு 'இலவசம்' என்பது, நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். 2007-ல் 'கோன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியோடு ஒரு எஸ்.எம்.எஸ். போட்டி நடந்தது. ஒரு எஸ்.எம்.எஸ். 2 ரூபாய் 40 காசு, பரிசு 2 லட்சம். பரிசுப் பணம் அந்த எஸ்.எம்.எஸ். வசூலிலிருந்தே வந்தது என்று சொல்லி, தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் 1 கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. ஆதாரம் போதாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரிய கம்பெனிகள் பதினோரு வருஷம் வழக்காடித் தப்பின. ஊறுகாய் விற்கும் நமக்கு அது கட்டுப்படியாகுமா?

3. திறமைப் போட்டி வைப்பதே பாதுகாப்பு. கோலம், சமையல் குறிப்பு என்று வைத்து, வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்க ஒரு நடுவரிடம் சொல்லுங்கள். 'மதுரையில் ஓடும் ஆறு எது?' என்று கேட்டு, சரியாகச் சொன்ன முந்நூறு பேரில் ஒருவரைக் குலுக்கி எடுத்தால் அது திறமைக் கணக்கில் வராது.

4. கடைசித் தேதி, பரிசு என்ன, எத்தனை பேருக்கு, நடத்துவது யார் என்பதை முதல் செய்தியிலேயே எழுதுங்கள். முடிவை அதே குரூப்பில் போடுங்கள். போட்டி முடிந்தபின் முடிவை மறைப்பதும் நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். ஜெயித்தவரின் போன் நம்பரை மட்டும் போடாதீர்கள்.

5. சொந்த நம்பரிலிருந்து மொத்தமாக விளம்பர எஸ்.எம்.எஸ். அனுப்பக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2018 விதிப்படி, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் கடையின் பெயரையும் செய்தி வாசகத்தையும் பதிவு செய்த பிறகே அனுப்பலாம். புகார் சேர்ந்தால் இணைப்பே போய்விடும்.

6. குலுக்கல் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால், தருபவர் 30 சதவீத வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஸ்கூட்டர் போன்ற பொருளாக இருந்தால், வரி கட்டியதை உறுதி செய்துகொண்ட பிறகே சாவியைக் கொடுக்கலாம்.

7. இந்தப் பரிசு வரியை வைத்தே ஏமாற்றுகிறார்கள். '25 லட்சம் விழுந்திருக்கிறது, வரியை மட்டும் இந்த ஜிபே நம்பருக்கு அனுப்புங்கள்' என்று செய்தி வந்தால் நிச்சயம் மோசடி. முன்பின் தெரியாத ஆளின் ஜிபேக்கு யாரும் வரி கட்டுவதில்லை. கேரள எல்லையில் உள்ள குமுளிப் பக்கம் போய்ச் சீட்டு வாங்கிவந்த பழக்கத்தில், கேரள லாட்டரி போனிலும் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. கேரள அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதில்லை.

8. இந்த மூன்று எண்களைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்: தொல்லை எஸ்.எம்.எஸ். புகாருக்கு 1909, நுகர்வோர் புகாருக்கு 1915, பணம் போய்விட்டால் 1930. கடைசி எண்ணுக்கு மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.