முன்பின் அறியாத வியாபாரிக்கு முதல் மின்னஞ்சல்: சங்கங்கள் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

நெய்த துணியைக் கிடங்கில் அடுக்கிவைத்துக்கொண்டு, வாங்குவோர் தாமே வருவர் என்று காத்திருப்பது நம் சங்கங்களில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். கைத்தறிச் சங்கங்களுக்கு 1935-ஆம் ஆண்டு முதல் கோ-ஆப்டெக்ஸ் துணை நின்று வருகிறது. 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டமும் தறிகளுக்கு வேலை கொடுத்து வருகிறது. இரண்டும் நன்மையே. ஆயினும், வாங்குபவர் ஒருவரே என்றால், அவர் 'இம்மாதம் வேண்டாம்' என்று சொல்லும் அன்றே தறி நின்றுவிடும். தறிக்காரருக்குக் கூலியும் நின்றுவிடும். 2025 ஆகஸ்டு 27 அன்று அமெரிக்க நாடு நம் சரக்குகளில் பெரும்பாலானவற்றின்மீது விதித்த சுங்கம் 50 சதவிகிதமாக உயர்ந்தபோது, அந்த ஒரு நாட்டையே நம்பியிருந்த பனியன் தொழிலகங்கள் பட்ட பாட்டைத் திருப்பூர்ப் பக்கத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலால், புதிய வியாபாரிகளை நாமே தேடிச் சென்று எழுதும் முறையை அவிநாசிபாளையம் வட்டாரத்துச் சங்கங்கள் கற்றுக்கொள்ளுதல் அவசியம். நெசவாளர்க்கு மட்டுமன்று, கொப்பரையும் மஞ்சளும் விற்கும் விவசாயிகளுக்கும் இது பொருந்தும்.

முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதுவதற்கு இன்று மின்னஞ்சலே மலிவான சாதனம். மலிவாக இருப்பதே அதன் தொல்லையுமாகும். திருப்பூருக்கு 1978-இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் வெள்ளைப் பனியன்களைத் தேடி வந்ததும், அதிலிருந்து நம் ஏற்றுமதி வளர்ந்ததும் பலர் அறிந்த செய்தி. அதே 1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியொன்றின் ஊழியர், ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை மின்வழியே ஒருங்கே அனுப்பினார். கேளாமல் வந்த விற்பனைக் கடிதங்களில் முதலாவது அதுதான் என்பர். பெற்றவர்கள் கோபங்கொண்டு முறையிட்டனர். அன்று தொடங்கிய அந்தச் சச்சரவு இன்றளவும் ஓயவில்லை. இப்போது பெரிய அஞ்சல் நிலையங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் வாசலில் நிறுத்தி, 'நீ யார், உன்னை அனுப்பியது யார், இதற்கு முன் உன்னைப் பற்றிப் புகார் உண்டா?' என்று விசாரித்த பின்னரே உள்ளே விடுகின்றன. விசாரணையில் தவறிய கடிதம் குப்பைப் பெட்டிக்குச் செல்லும். அனுப்பியவருக்கு அது தெரியவும் தெரியாது. பதில் வரவில்லையே, நம் துணி பிடிக்கவில்லை போலும் என்று சங்கத்தார் எண்ணிக்கொண்டிருப்பர். துணியின் படத்தை எவரும் பார்த்தேயிருக்க மாட்டார்.

பெயரும் உரிமையும்

முதற்கண், சங்கத்துக்குச் சொந்தமான இணையப் பெயர், அதாவது டொமைன், ஒன்று வேண்டும். காரியதரிசியின் சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து வியாபாரக் கடிதம் எழுதுவது, சங்கத்தின் ரசீதைத் தம் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இந்தியாவுக்குரிய 'டாட் இன்' பெயர்களை இந்திய தேசிய இணைய இணைப்பகம் நிர்வகிக்கிறது. அதன் முகவர்களிடம் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெறலாம். கூட்டுறவு நிறுவனங்களுக்கென்றே 'டாட் கூப்' என்னும் பெயர்வகை 2002 முதல் வழங்கி வருகிறது. கூட்டுறவு அமைப்புகளுக்கே அது கொடுக்கப்படும் என்பதால், வெளிநாட்டு வியாபாரி பார்த்த மாத்திரத்தில் நம்மை இன்னாரென்று அறிந்துகொள்வார்.

பெயரைச் சங்கத்தின் பேரிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் பார்வையிட்ட சங்கமொன்றில், பெயர் அதை அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரர் பேரில் இருந்தது. அவர் ஊரை விட்டுச் சென்றதும், புதுப்பிக்கும் நினைவூட்டல் எவர் கையிலும் வந்து சேரவில்லை, பெயர் காலாவதியாயிற்று. நிலத்தின் பத்திரத்தைப் பிறர் பேரில் எழுதிவைத்து வீடு கட்டுவார் உண்டோ? பதிவுச் சான்று, கடவுச்சொல், புதுப்பிக்க வேண்டிய தேதி ஆகிய மூன்றும் சங்கத்தின் தஸ்தாவேஜுகளில் இருக்க வேண்டும். காரியதரிசி மாறும்போது சாவிக்கொத்தோடு இவையும் கைமாற வேண்டும். கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது பெயர் ஒன்றையும் வாங்கிக்கொள்வது நலம். பட்டியல், ரசீது, அங்கத்தினர்க்கான அறிவிப்பு எல்லாம் முதற்பெயரிலிருந்து செல்லட்டும். அறிமுகமில்லாதவர்க்கு எழுதும் கடிதங்கள், சங்கத்தின் பெயர் விளங்கத் தோன்றும் வேறொரு பெயரிலிருந்து செல்லட்டும். புகார்கள் எழுந்து ஒன்றின் நற்பெயர் கெட்டாலும் மற்றதன் கடிதங்கள் தடைப்படமாட்டா. சிலர் இதையே சாக்காக வைத்துக்கொண்டு, பத்து இருபது பெயர்களை வாங்கி, ஒன்று கெட்டால் அடுத்தது என்று மாற்றி மாற்றி எழுதுகின்றனர். கடை பெயரை மாற்றிக்கொண்டே கடன் வாங்குபவரின் வித்தை அது. கூட்டுறவுச் சங்கத்துக்கு அடாது.

மூன்று சான்றுகள்

கடிதம் நம்முடையதுதான் என்று மெய்ப்பிக்க மூன்று சான்றுகள் உள்ளன. பெயரை வாங்கிய இடத்திலேயே டி.என்.எஸ். என்னும் பொதுப் பதிவேடு ஒன்று இருக்கும். அதில் எழுதுவதை உலகில் எவரும் படிக்கலாம். மூன்று சான்றுகளும் அங்கேதான் எழுதப்படும்.

முதலாவது எஸ்.பி.எஃப். 'எங்கள் பெயரில் கடிதம் கொண்டுவர இன்னின்ன சர்வர்களுக்கே அதிகாரம் உண்டு' என்னும் அறிவிப்பு அது. சங்கத்தின் பணத்தைப் பெற இன்னாருக்கே அதிகாரம் என்று பாங்கிக்குத் தீர்மானம் அனுப்புகிறோமல்லவா, அது போன்றது. ஒரு பெயருக்கு ஓர் அறிவிப்பே இருக்கலாம். கடிதத்துக்கு ஒரு சேவையும், பட்டியல் அனுப்பக் கணக்குச் செயலி ஒன்றும் வைத்திருக்கும் சங்கங்கள், இரண்டுக்கும் தனித்தனி அறிவிப்பு எழுதிவிடுகின்றன. அப்போது இரண்டுமே செல்லாமற் போகும். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்கப் பதிவேட்டைத் தேடவேண்டிய தடவைகள் பத்துக்கு மேற்பட்டாலும் அது செல்லாது.

இரண்டாவது டி.கே.ஐ.எம். என்னும் முத்திரை. நம் சேவை நிலையத்திடம் ரகசியத் திறவு ஒன்று இருக்கும். அதற்கு இணையான வெளிப்படைத் திறவைப் பதிவேட்டில் இட்டுவைப்போம். கடிதம் புறப்படும்போது ரகசியத் திறவால் முத்திரை இடப்படும். பெறுபவர் வெளிப்படைத் திறவைக் கொண்டு சரிபார்ப்பார். முத்திரைக்கு உட்பட்ட பகுதியில் வழியில் எவரேனும் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. திறவு 2048 பிட் அளவினதாக இருக்கட்டும்.

மூன்றாவது டிமார்க். மேலே கூறிய இரண்டில் ஒன்றேனும் தேறி, அது கடிதத்தின் 'அனுப்புநர்' வரியில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பெறுபவர் என்ன செய்ய வேண்டும் என்று நாம் இடும் கட்டளை இது. சும்மா விடு, ஒதுக்கி வை, திருப்பிவிடு என மூன்று படிகள் உண்டு. எடுத்தவுடன் மூன்றாம் படிக்குப் போனால் நம் சொந்தக் கடிதங்களே திரும்பக்கூடும். முதற்படியில் சில வாரங்கள் இருந்து, நமக்கு வந்துசேரும் அறிக்கைகளைப் படிக்க வேண்டும். நம் பெயரில் எங்கிருந்தெல்லாம் கடிதம் செல்கிறது என்பது அவற்றில் தெரியும். எல்லாம் நம்முடையவைதாம் என்று தெளிந்த பின்பு அடுத்த படிகளுக்குச் செல்லலாம்.

இவையெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு அல்லவா என்று கேட்கலாம். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, அனுப்புவோர் எவராயினும் முதலிரண்டு சான்றுகளில் ஒன்றேனும் வேண்டும். தனிநபர் ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர்க்கு மூன்றும் வேண்டும். 2025-இல் மைக்ரோசாப்டும் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது. நாம் 5,000 கடிதம் எழுதப் போவதில்லை. எனினும் மூன்றையும் செய்துவிடுவதே முறை. சொந்தமாகச் சர்வர் வைத்து நடத்தும் ஆசை மட்டும் வேண்டாம். இரவும் பகலும் அதைக் காக்க ஆள் வேண்டும். மாதக் கட்டணச் சேவையே போதும்.

பழக்கும் காலம்

புதுப் பெயருக்கு ஊரில் மதிப்பு உடனே ஏற்படாது. முதல் வாரம் நாளொன்றுக்கு ஐந்து கடிதம், அதுவும் நம்மை அறிந்த நூல் வியாபாரிக்கும் பழைய வாடிக்கையாளருக்கும் எழுதிப் பதில் பெறுக. பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஒரு சங்கத்துக்கு நாளொன்றுக்கு இருபது கடிதம் என்பதே தாராளமான அளவு என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேற்பட்டால் எழுதுபவர் யாருக்கு எழுதுகிறோம் என்று சிந்திப்பதை நிறுத்திவிடுவார். இப்பழக்கத்தைத் தானே நடத்தித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் சேவைகள் உள்ளன. யந்திரத்துக்கு யந்திரம் கடிதம் எழுதி, யந்திரமே திறந்து, யந்திரமே பதிலும் போடும். வராத அங்கத்தினரை வந்ததாகக் காட்டிக் கூட்டப் பதிவேட்டில் கையெழுத்திடுவதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

கூகுள் விதியில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'இது வேண்டாத கடிதம்' என்று பெறுவோர் குறிப்பது 0.1 சதவிகிதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும்; 0.3 சதவிகிதத்தை எட்டவே கூடாது. ஆயிரத்துக்கு ஒன்று, ஆயிரத்துக்கு மூன்று என்பது கணக்கு. 300 கடிதம் எழுதி ஒருவர் வெறுத்துக் குறித்தாலே 0.33 ஆகிவிடும். ஆகவே, யாருக்கு எழுதுகிறோம் என்பதே எல்லா ஏற்பாடுகளினும் பெரிது.

யாருக்கு எழுதுவது

'ஐரோப்பிய இறக்குமதியாளர் ஐம்பதாயிரம் பேர்' என்று விலைக்கு வரும் பட்டியல்களை வாங்கவே கூடாது. அவற்றில் பாதி முகவரிகள் செத்தவை. சில முகவரிகள், பட்டியல் வாங்கி எழுதுவோரைப் பிடிப்பதற்கென்றே வைக்கப்பட்ட கண்ணிகள். அதில் ஒன்றில் கால் வைத்தால் நம் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

பட்டியலை நாமே தயாரிக்க வேண்டும். வீட்டுத் துணிகளுக்கு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் ஹைம்டெக்ஸ்டில் பொருட்காட்சி நடைபெறுகிறது. 1965-இல் நிறுவப்பட்டுச் சென்னையில் இயங்கும் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுமத்தை அணுகினால், இத்தகைய காட்சிகளில் இடம் பெறும் வழி தெரியவரும். கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பவே தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் 2023 ஜனவரியில் பதிவாயிற்று. சிறு சங்கங்களுக்கு அதன் வழி செல்வது தனியே முயல்வதினும் எளிதாகலாம். சங்கமே நேராக ஏற்றுமதி செய்ய நினைத்தால், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். இவற்றோடு, வியாபாரியின் கடையைப் பற்றி அவரே வெளியிட்டிருக்கும் விவரத்தைப் படித்து, போர்வை விற்பவருக்குப் போர்வையைப் பற்றியும் துண்டு விற்பவருக்குத் துண்டைப் பற்றியும் எழுத வேண்டும். மஞ்சள் விற்கும் சங்கத்துக்கு வடநாட்டு மசாலா ஆலைகளே முதற்பட்டியல்.

'அப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பிய முகவரியை அன்றே அடித்துவிட வேண்டும். 'பெட்டி நிறைந்திருக்கிறது' என்பது தற்காலிகம், மறுமுறை முயலலாம்.

கடிதமும் சட்டமும்

கடிதம் பத்து வரிக்கு மேற்படலாகாது. எந்த நம்பர் நூல், அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை, அகலம், சாயத்தின் தன்மை, குறைந்த ஆர்டர் எவ்வளவு, எத்தனை நாளில் தருவோம் என்பவற்றை எழுதுக. கைத்தறி முத்திரை பெற்றிருந்தால் அதையும் குறிப்பிடுக. 'தங்களின் பெருமைமிகு நிறுவனம்' என்னும் புகழுரை வேண்டாம். முன்பே பேசியது போலப் பாவனை செய்து, தலைப்பில் 'பதில்' என்று போடுவது பொய். பெரிய படங்களை இணைக்காமல், கேட்டால் மாதிரித் துணி அனுப்புவோம் என்று சொன்னால் போதும். கடிதம் திறக்கப்பட்டதா என்று ஒளிந்து பார்க்கும் ஏற்பாட்டையும் விட்டுவிடலாம். ஆப்பிள் கம்பெனி 2021-இல் செய்த மாற்றத்துக்குப் பின் அந்தக் கணக்கு நம்பத்தக்கதன்று. வந்த பதில்களை எண்ணுவதே கணக்கு.

அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், கடிதத்தில் மெய்யான தபால் விலாசமும், இனி வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும் என்கிறது. வேண்டாம் என்றவரைப் பத்து வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும். பிரிட்டனில் கம்பெனிகளுக்கு எழுதலாம். தனி ஆளாக வியாபாரம் செய்பவருக்கு முன்சம்மதமின்றி எழுதலாகாது. கனடா 2014 முதல் சம்மதம் கேட்கிறது. ஜெர்மனியின் சட்டமே கடுமையானது. வியாபாரத் தலத்துக்கானாலும் விளம்பர மின்னஞ்சலுக்கு முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் வேண்டும். ஆகவே அந்நாட்டாருக்குத் தபால்தலை ஒட்டிய பழைய கடிதமே சிறந்தது. உள்ளே ஒரு சாண் மாதிரித் துணியை வைத்து, மின்னஞ்சலில் எழுதலாமா என்று கேட்டால், சட்டமும் காக்கப்படும், துணியும் பேசும். நம் நாட்டிலும் தனிநபர் விவரங்களைக் காப்பதற்கான சட்டம் 2023-இல் இயற்றப்பட்டுள்ளது.

அனுப்பிய கடிதம், வந்த பதில், 'வேண்டாம்' என்றவர் பெயர் ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். வேண்டாம் என்றவர் பெயரை மறு ஆண்டு புதிதாக வந்த எழுத்தர் மீண்டும் சேர்த்துவிடாமல் இருக்க அதுவே காப்பு. பதில் எழுதும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நம் பிற்பகல் 1.30 மணி, குளிர்காலத்தில் ஜெர்மனியில் காலை 9 மணி. அதற்குள் பதில் புறப்பட்டால் அவர்களுக்கு அது அன்றைய முதல் கடிதம்.

பணம் பற்றியது

வியாபாரம் கூடி வந்த பின் வரும் அபாயம் ஒன்று உண்டு. சங்கத்தின் பெயரைப் போலவே ஓர் எழுத்து மட்டும் மாறிய பெயரை ஒருவன் வாங்கி, 'எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இங்கே அனுப்புக' என்று வியாபாரிக்கு எழுதுவான். டிமார்க் நம் பெயரை நேராகத் திருடுபவனைத் தடுக்கும். இந்தப் போலியைத் தடுக்காது. பணம் போனால் தறிக்காரரின் கூலியும் அதோடு போகும். ஆகவே, எங்கள் கணக்கு எண் ஒருபோதும் கடிதத்தால் மாற்றப்படாது, மாறினால் தொலைபேசியில் எங்களை அழைத்து உறுதி செய்துகொள்க என்று விலைப்புள்ளிக் கடிதத்திலேயே அச்சிட்டுவிட வேண்டும். அழைக்க வேண்டிய எண்ணும், பேச வேண்டிய இரண்டு பொறுப்பாளர்கள் யார் என்பதும் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தின் நகலைப் பார்வைக்குச் செல்லும் இடங்களில் நான் கேட்டு வருகிறேன்.