மைக் கழற்றி மாட்டுற இயர்போன் வாங்கப் போறியா தம்பி?

கேமிங் இயர்போன் வாங்கக் கடைக்குப் போனா, டப்பாவுல மின்னுற எழுத்தைப் படிக்கிறதுக்கு முன்னால மைக்கைக் கையில எடுத்துப் பாரு. 600 ரூபாய்ல இருந்து 1,500 ரூபாய்க்குள்ள வாங்குறவங்களுக்கு நான் சொல்றது ரெண்டே விஷயம். உன் குரல் எதிர்ல இருக்கிறவனுக்குத் தெளிவாப் போகணும். ரப்பர் உன் காதுல சரியா உட்காரணும். இது ரெண்டும் சரியா இருந்தா மத்ததுல கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

இந்த வகை இயர்போன்ல இடது காதுப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுல குச்சி மாதிரி வளையுற மைக்கைச் செருகிக்கலாம். விளையாட்டு முடிஞ்சா கழற்றி வச்சுட்டு, ஒயர்லயே இருக்கிற இன்னொரு மைக்கை வச்சு போன் பேசலாம். நம்ம நாட்டு காஸ்மிக் பைட்டும் சீனாவோட பிளெக்ஸ்டோனும் இந்த வகையில மலிவா விக்கிறாங்க. அமெரிக்காவுல டர்டில் பீச்சோட பேட்டில் பட்ஸ் இதே அமைப்புல வந்துச்சு.

குச்சி மைக் எதுக்குன்னு கேட்கிறவங்க சனிக்கிழமை காலையில திருநள்ளாறுல உட்கார்ந்து ஸ்க்வாடோட பேசிப் பார்க்கணும். கோயில் ஒலிபெருக்கி, நளதீர்த்தத்துக்குப் போற கூட்டம், இடம் கிடைக்காம ஹாரன் அடிக்கிற வேன், தலைக்கு மேல ஃபேன். ஒயர் மைக் நெஞ்சுகிட்ட தொங்குறதால இத்தனையையும் வாரிக்கிட்டுப் போகும். போதாததுக்குச் சட்டையில உரசுற சத்தம் வேற. வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல உள்ள தூரம் பாதியானா, உன் குரல் மைக்குல சுமார் 6 டெசிபல் கூடுதலா விழும். 20 சென்டிமீட்டர்ல தொங்குறதை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தா 12 டெசிபல். தெருச் சத்தம் அதேதான் இருக்கும், உன் பேச்சு மட்டும் முன்னால வரும். கத்தாம பேசலாம், பக்கத்து ரூம்ல தூங்குற பாட்டியும் எழுந்திரிக்க மாட்டாங்க.

ஆனா மைக்கை வாய்க்கு நேரா வைக்காதே. மூச்சுக் காத்து அடிச்சு 'புஸ் புஸ்'னு கேட்கும். வாயோட ஓரத்துல, ரெண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்து. ஸ்பாஞ்சு உறை கொடுத்திருந்தா மாட்டிக்கோ. ஃபேன் காத்து நேரா முகத்துல படுற இடத்துல உட்காராதே.

கடையில சோதிக்க வேண்டியது மைக் செருகுற இணைப்பைத்தான். போன்ல வாய்ஸ் ரெக்கார்டரை ஓட விட்டுட்டு, பேசிக்கிட்டே மைக்கை மெதுவாத் திருப்பு. கரகரப்போ இடையில அறுந்து போறதோ கேட்டா அந்த டப்பாவை மூடிக் கொடுத்துடு. தினமும் கழற்றி மாட்டுற பொருள், இன்னிக்கே ஆடுனா நாளைக்கு நிக்காது. தனியா மைக் மட்டும் கிடைக்குமான்னும் கேளு. பல மாடல்ல கிடைக்காது, தொலைஞ்சா சாதாரண இயர்போன்தான் மிச்சம். அதனால கழற்றின மைக்கைச் சட்டைப் பையில போடாதே, துணி துவைக்கிற வாளிக்குப் போயிடும். சின்ன ஜிப் கவர் ஒண்ணு அதுக்குன்னே வச்சுக்கோ.

டப்பா மேல '7.1 சரவுண்ட்'னு போட்டிருந்தா அதுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக் கொடுக்காதே. காதுக்கு ஒரு வழி, மொத்தம் ரெண்டு வழிதான் சத்தம் வருது. மத்ததெல்லாம் சாஃப்ட்வேர் செய்யுற வேலை. காலடிச் சத்தம் இடமா வலமான்னு பிரிச்சுச் சொல்றதைக் கேமே செஞ்சு கொடுத்துடும், நல்ல ஸ்டீரியோ போதும். எல், ஆர் எழுத்தைப் பார்த்துச் சரியான காதுல மாட்டு, மாறினா எதிரி வர்ற பக்கமே மாறிடும்.

ப்ளூடூத் வாங்கலாமான்னு கேட்பே. இந்த விலையில வேண்டாம். துப்பாக்கி வெடிச்சது திரையில தெரிஞ்ச பிறகுதான் சத்தம் காதுக்கு வரும். மைக்கை ஆன் பண்ணினா ஒலியோட தரமும் பெரும்பாலும் இறங்கிடும். ஒயர்ல இந்தத் தொந்தரவு இல்லை, சார்ஜும் தேவையில்லை. பின் மட்டும் எல் வடிவத்துல வளைஞ்சதா எடு, போனைப் படுக்க வச்சுப் பிடிக்கும்போது உள்ளங்கையில குத்தாது.

உன் போன்ல 3.5 மி.மீ. ஓட்டை இருக்கான்னு முதல்லயே பார்த்துக்கோ. இல்லைன்னா டைப்-சி கன்வெர்ட்டர் வேணும். அதுல ரெண்டு வகை இருக்கு: உள்ளே டிஜிட்டலை ஒலியா மாத்துற டிஏசி சிப் உள்ளது, வெறும் ஒயர் மட்டும் உள்ளது. சில போன்கள்ல வெறும் ஒயர் வகை வேலையே செய்யாது, அதனால சிப் உள்ளதா கேட்டு வாங்கு. மைக் வேலை செய்யணும்னா இயர்போன் பின்ல மூணு கறுப்பு வளையம் இருக்கணும், ரெண்டுதான்னா அது பாட்டு கேட்க மட்டும். டெஸ்க்டாப்ல மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஓட்டைன்னா ஒரு ஸ்ப்ளிட்டர் வேணும்.

இப்போ ரப்பர். இதுல நிறையப் பேர் டப்பாவுல மாட்டி வந்ததையே அப்படியே போட்டுக்கிட்டு 'பேஸ் வரலை'ன்னு குறை சொல்றாங்க. டப்பாவுல இருக்கிற மூணு அளவையும் மாட்டிப் பாரு. சரியான அளவு உட்கார்ந்தா ஃபேன் சத்தம் சட்டுனு குறையும், தலையை ஆட்டினாலும் நழுவாது. ரெண்டு காதுக்கும் ஒரே அளவு சேரணும்னு இல்லை, இடதுக்குச் சின்னது வலதுக்கு நடுத்தரம்னு போட்டுக்கலாம். கொஞ்ச நேரத்துல காது வலிச்சா அளவு பெருசுன்னு அர்த்தம்.

ரப்பர் சரியா அடைச்சா வால்யூமைக் குறைச்சே விளையாடலாம். எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். உலக சுகாதார அமைப்பு பெரியவங்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல்னு அளவு வச்சிருக்கு. சத்தம் 3 டெசிபல் கூடினா பாதுகாப்பான நேரம் பாதியாக் குறையும். வெடிச் சத்தம் நிறைஞ்ச கேம்ல வால்யூம் பாதியைத் தாண்டாமப் பழகு. விளையாடி முடிச்சதும் காதுல 'ஞொய்'னு கேட்டா சத்தம் அதிகம்னு காது சொல்லுது. அது அடுத்த நாளும் நிக்கலைன்னா காது டாக்டரைப் பார்க்கணும், காதுக்குள்ள எண்ணெய் ஊத்தாதே. 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு பிஜிஎம்ஐ கேமே நாளைக்கு 3 மணி நேரம்னு கட்டுப்பாடு வச்சிருக்கு. அம்மா போனுல நுழைஞ்சு அதைத் தாண்டாதே தம்பி. ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு காரைக்கால் ரோட்டுல வண்டியும் ஓட்டாதே, பின்னால வர்ற பஸ் கேட்காது.

நம்ம பக்கம் கடல் காத்து, வியர்வை ரெண்டும் சேர்ந்து பின்னையும் சத்தம் வர்ற வலையையும் சீக்கிரம் கெடுக்கும். கழற்றினதும் உலர்ந்த துணியால துடை. ரப்பரை மட்டும் தனியாக் கழற்றி சோப்புத் தண்ணியில கழுவி, நல்லாக் காஞ்ச பிறகு மாட்டு. வலைக்குள்ள தண்ணி போகக் கூடாது, வலையைக் கீழ்ப்பக்கமாப் பிடிச்சுக்கிட்டு, காஞ்ச பல் துலக்கும் பிரஷால அழுக்கைத் தட்டு. புதுச் செருப்பு டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டை ஜிப் கவர்லயே போட்டு வை. ஒருத்தர் காதுல போட்டதை இன்னொருத்தர் போடாதீங்க, தங்கச்சிக்குத் தனி ரப்பர் எடுத்து வச்சிடு.

காரைக்கால் பாரதியார் சாலைக் கடைகள்ல வாங்கினா கையில பிடிச்சுப் பார்க்கலாம். ஆன்லைன்ல கொஞ்சம் மலிவா இருந்தாலும் மைக் இணைப்பைத் திருப்பிப் பார்க்க முடியாது. எங்கே வாங்கினாலும் டப்பாவுல எம்ஆர்பி, தயாரிச்சவங்க அல்லது இறக்குமதி செஞ்சவங்க முகவரி, இறக்குமதிப் பொருள்னா எந்த நாட்டுல செஞ்சதுங்கிற விவரம் இருக்கணும். ஆன்லைன் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடு. பழுதாயிருந்து மாத்தித் தர மறுத்தா 1915-க்கு போன் பண்ணலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லை வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்து வச்சுக்கோ. மெஷின்ல வர்ற வழவழப்பான பில்லுல எழுத்து சில மாசத்துலயே மங்கிப் போயிடும், வாரண்டிக்குக் காட்ட எதுவும் இருக்காது.