பத்தாம் வளையத்தைக் குறிவைக்காதீர்கள்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழக வருகிற பிள்ளைகளிடம் எவராவது முதல் நாளே "நடுவைப் பார்த்துச் சுடு" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றப் பல மாதங்கள் ஆகின்றன.

நம்பிக்கை: பத்து வேண்டுமென்றால் பத்தையே குறிவைக்க வேண்டும்.

இலக்கு அட்டையின் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. அகலம், அதற்குள் பத்தாம் வளையம் 11.5 மி.மீ.தான். கறுப்பு ஃப்ரன்ட் சைட்டைக் கறுப்பு வட்டத்தின் மேல் கொண்டுபோனால் அதன் மேல்விளிம்பே தெரியாது. அதனால்தான் பெரும்பாலானோர் வட்டத்துக்குக் கீழே, வெள்ளையில் சைட்டை நிறுத்துகிறார்கள். குண்டு நடுவில் விழும்படி ரியர் சைட்டின் திருகைச் சரிசெய்துகொண்டால் போதும்.

நம்பிக்கை: வட்டத்தின் அடிவிளிம்பைத் தொட்டும் தொடாமலும் பிடிப்பதே துல்லியம்.

யார் கையும் ஆடும். அந்த மெல்லிய இடைவெளியைக் காக்கப் பார்த்தால் கண் சைட்டை விட்டு வட்டத்துக்கு ஓடிவிடும். நல்ல வெள்ளைப் பட்டை ஒன்றை விட்டு, அந்தப் பரப்புக்குள் கையை ஆடவிடுவதே மேல்.

நம்பிக்கை: கை ஆடுவதால்தான் பத்து தவறுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 32 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சைட்டுகள் நேராக இருந்து, துப்பாக்கி மொத்தமாக 5 மி.மீ. விலகினால் குண்டும் 5 மி.மீ. மட்டுமே விலகும், அது பத்துதான். ஆனால் ஃப்ரன்ட் சைட் மட்டும் 0.3 மி.மீ. விலகினால் அட்டையில் 9 மி.மீ.க்கு மேல் விலகல். பத்து போய்விட்டது. கண்ணில் கூர்மையாகத் தெரிய வேண்டியது ஃப்ரன்ட் சைட். வட்டம் மங்கலாகத் தெரிந்தால் கவலை வேண்டாம்.

நம்பிக்கை: ஃப்ரன்ட் சைட் மெல்லியதாகவும் ரியர் சைட்டின் பள்ளம் குறுகியதாகவும் இருந்தால் குறி கூடும்.

பள்ளத்துக்குள் ஃப்ரன்ட் சைட்டின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கோடுகளை ஒப்பிட்டுத்தான் சைட் நேராக இருப்பதைக் கண் அறிகிறது. கோடு இழைபோல் மெலிந்தால் கண் சீக்கிரம் களைக்கும். 60 குண்டுகள் சுட வேண்டிய போட்டியில் அது பெரிய இழப்பு. முதலில் பள்ளத்தைச் சற்று அகலமாக வைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) பொருத்தினால் பிரச்சினை தீரும்.

சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். பிஸ்டல் போட்டிகளில் திறந்த சைட் மட்டுமே செல்லும். அமெரிக்கர்களின் புல்ஸ்ஐ போட்டியில் டாட் உண்டு; புள்ளி எதையும் மறைக்காததால் அங்கே நடுவில் பிடிப்பதே வழக்கம். ஆனால் கை நடுக்கம் முழுவதையும் அந்தச் சிவப்புப் புள்ளி காட்டிக்கொடுக்கும். புள்ளி நடுவுக்கு வரும் கணத்தைப் பிடிக்க நினைத்து ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பவர்கள் அங்கேயும் பத்தைத் தவறவிடுகிறார்கள்.